டிசம்பரில் பிறந்தவர்கள்

1969 டிசம்பர் 1, இரவு. வாஷிங்டனில் ராணுவ ஆள்சேர்ப்புத் துறையின் தலைமையகம். முன்னால் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதற்குள் நீல நிறத்தில் 366 பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தேதி. பிப்ரவரி 29ஐயும் விட்டுவைக்கவில்லை. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களில் யாரை முதலில் அனுப்புவது, யாரைக் கடைசியில் என்பதை அந்த ஜாடி முடிவுசெய்யப்போகிறது. நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. அலெக்சாண்டர் பிர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஜாடிக்குள் கையை விட்டு முதல் குப்பியை எடுத்தார்.

செப்டம்பர் 14.

அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு வரிசை எண் 1. அடுத்து வந்தது ஏப்ரல் 24. மூன்றாவது டிசம்பர் 30. இப்படியே போய், 366ஆவதாக, ஜூன் 8 வந்தது. பின்னாளில் 195 வரை எண் பெற்றவர்களை அழைத்தார்கள். அதற்கு மேல் எண் வந்தவர்கள் தப்பித்தார்கள்.

குலுக்கல் சீட்டு என்றால் நியாயம் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். ஏலச்சீட்டில் ஆரம்பித்துக் கோயில் பூக்கட்டிப் பார்ப்பது வரை, கை போய் எடுத்ததைக் கேள்வி கேட்பதில்லை. அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் கேட்டார்கள். அவர்கள் செய்தது எளிய கணக்கு: ஒவ்வொரு மாதத்துத் தேதிகளுக்கும் கிடைத்த வரிசை எண்களைக் கூட்டிச் சராசரி போட்டார்கள். 1 முதல் 366 வரையிலான எண்களின் சராசரி 183.5. எல்லா மாதமும் அதைச் சுற்றித்தான் நிற்க வேண்டும். ஜனவரிக்கு 201.2 வந்தது. மார்ச்சுக்கு 225.8. ஆகஸ்டில் 173.5ஆக இறங்கியது, நவம்பரில் 148.7. டிசம்பருக்கு வெறும் 121.5. டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் முதல் பாதியிலேயே வந்து விழுந்திருந்தன. உண்மையிலேயே சீரான குலுக்கலில் இந்த அளவு சரிவு, லட்சம் முறை குலுக்கினால் ஒன்றிரண்டு முறை வரலாம்.

யாரும் ஏமாற்றவில்லை. என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. முதலில் ஜனவரியின் 31 குப்பிகளைப் பெட்டிக்குள் போட்டார்கள். பிறகு பிப்ரவரி குப்பிகளைப் போட்டு ஜனவரியோடு கலந்தார்கள். பிறகு மார்ச். இப்படி மாதம் மாதமாக. கணக்குப் பாருங்கள்: ஜனவரிக் குப்பிகள் பதினொரு முறை கலக்கப்பட்டன, டிசம்பர்க் குப்பிகள் ஒரே ஒரு முறை. அப்புறம் பெட்டியை மூடிக் கொஞ்சம் குலுக்கி, ஜாடியில் கொட்டினார்கள். கையை விட்டவர்கள் பெரும்பாலும் மேலே கிடந்ததையே எடுத்தார்கள். கடைசியாகப் போனவை மேலாகவே இருந்துவிட்டன.

இந்தக் கதையை நான் இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் போரல்ல, மாதம். ஜாடிக்குள் இருந்தவை 366 தனித்தனித் தேதிகள். அவற்றைத் தனித்தனியாக நினைக்காமல், பன்னிரண்டு மாதக் கட்டுகளாக நினைத்ததில் கோளாறு நுழைந்தது. அரை நூற்றாண்டு கழித்து, கணினியிடம் ‘ஏதாவது ஒரு தேதி கொடு’ என்று கேட்கும் நிரலாளர் செய்வதும் பெரும்பாலும் இதே தப்புத்தான்.

எதற்குக் கணினியிடம் தேதி கேட்க வேண்டும்? ஒரு வங்கி மென்பொருளைச் சோதிக்க லட்சம் போலி வாடிக்கையாளர்கள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி வேண்டும். உண்மையான ஆட்களின் விவரத்தைப் போட்டுச் சோதிக்கக் கூடாது. ஆகவே தேதிகளை உற்பத்தி செய்கிறோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் இதைக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவன் எழுதியிருப்பது இப்படித்தான் இருக்கும்: 1 முதல் 12 வரை ஓர் எண் எடு, அது மாதம். 1 முதல் 31 வரை ஓர் எண் எடு, அது நாள். இரண்டையும் ஒட்டு.

பிப்ரவரி 30 என்று ஒரு தேதி வந்து நிற்கும். சில மொழிகள் அந்த இடத்திலேயே பிழை என்று கத்திவிடும், அது நல்லது. ஜாவாஸ்கிரிப்ட் கத்தாது. பிப்ரவரிக்கு 28 நாள்தானே, மிச்சம் இரண்டு நாளை அடுத்த மாதத்தில் கழித்துக்கொள் என்று மார்ச் 2ஆக மாற்றிக் கொடுத்துவிடும். பையனுக்குப் பிழையே தெரியாது. ஆனால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். 12 மாதம், மாதத்துக்கு 31 என்றால் 372 சேர்க்கைகள். லீப் இல்லாத வருடத்துக்கு 365 நாட்கள். மிஞ்சும் 7 சேர்க்கைகள் எங்கேயாவது போய் விழுந்தாக வேண்டும். பிப்ரவரி 29, 30, 31 மூன்றும் மார்ச் 1, 2, 3ன் மேல் விழும். ஏப்ரல் 31 மே 1ன் மேல். ஜூன் 31 ஜூலை 1ன் மேல். செப்டம்பர் 31, நவம்பர் 31 இரண்டும் அக்டோபர் 1, டிசம்பர் 1ன் மேல். ஆக வருடத்தில் ஏழே ஏழு நாட்களுக்கு இரட்டை மவுசு. லட்சம் பேரை உற்பத்தி செய்தால் சாதாரண நாளில் சுமார் 269 பேர் பிறப்பார்கள். மார்ச் 1இல் 538 பேர்.

‘பிப்ரவரி 30 வராமல் பார்த்துக்கொள்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அடுத்த முறை 1 முதல் 28 வரை மட்டும் எடுப்பான். எல்லா மாதத்திலும் 28 உண்டு, தகராறே இல்லை. எனக்கு இதைப் பார்த்தால்தான் அதிகம் பயம். வருடத்தில் 29 நாட்கள் எப்போதுமே வராது. அந்த 29 நாட்களும் மாதக் கடைசி நாட்கள். சம்பளம், வட்டி, வாடகை, தவணை என்று மென்பொருள்கள் வழுக்கி விழும் இடமே மாதக் கடைசிதான். எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்தத் தெருவை மட்டும் விட்டுவிட்டு ஊர் முழுக்க ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்வது போல.

கெட்டிக்காரன் மூன்றாவது வழிக்கு வருவான். முதலில் மாதத்தை எடு. அந்த மாதத்துக்கு எத்தனை நாளோ அதற்குள் நாளை எடு. இல்லாத தேதி வராது, எந்தத் தேதியும் விடுபடாது. பலர் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பன்னிரண்டு மாதங்களுக்கும் சம வாய்ப்புக் கொடுத்தால், பிப்ரவரியின் ஒவ்வொரு நாளுக்கும் 336இல் ஒரு வாய்ப்பு, ஜனவரியின் ஒவ்வொரு நாளுக்கும் 372இல் ஒரு வாய்ப்பு. ஒரே அளவு சோற்றை 28 பேருக்கும் பங்கு வைக்கிறோம், 31 பேருக்கும் பங்கு வைக்கிறோம். லட்சம் தேதியில் பிப்ரவரி நாள் ஒவ்வொன்றும் 298 முறை வரும், ஜனவரி நாள் 269 முறை. வர வேண்டியது 274. வாஷிங்டன் ஜாடியைவிட இந்தச் சாய்வு சின்னதுதான். ஆனாலும் அதே பெட்டி, அதே மாதக் கட்டு.

இதற்குத் தீர்வு புதிதே அல்ல. தேதி என்பது பெயர். நாளுக்கு உண்மையான அடையாளம் ஓர் எண். ஏதாவது ஒரு தொடக்க நாளிலிருந்து இது எத்தனையாவது நாள் என்று எண்ணிவிட்டால், மாதமும் இல்லை, லீப் வருடமும் இல்லை, ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டில் ஒரு புள்ளியைத் தற்செயலாகத் தொட்டுவிட்டு, கடைசியில்தான் அதன் பெயர் என்ன என்று நாட்காட்டியைக் கேட்க வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1ஐத் தொடக்கமாக வைத்துக்கொண்டு வினாடிகளை எண்ணுகின்றன. ஒரு நாளுக்கு 86,400. எக்செல் 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணுகிறது. 2024 ஜனவரி 1 அதற்கு 45,292. எக்செல் பயன்படுத்துகிறவர்கள் ஒரு கட்டத்துக்குள் ‘ராண்ட்பிட்வீன்’ என்ற சார்பைப் போட்டு, இரு முனைகளிலும் தேதியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: எக்செல் கணக்கில் 60ஆவது நாள் 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை. 1900 லீப் வருடமல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த தவறு. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலிலும் அப்படியே வைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர்களுக்கு இந்த யோசனை பரம்பரைச் சொத்து. அவர்கள் கணக்கை ஆரம்பிப்பதே கலி தினத்திலிருந்துதான்: கி.மு. 3102 பிப்ரவரியில் கலியுகம் தொடங்கியதாக வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து இன்று வரை எத்தனை நாள் கழிந்தது என்ற ஒற்றை எண். அதற்கு அகர்கணம் என்று பெயர். யூனிக்ஸின் தொடக்க நாளான 1970 ஜனவரி 1 அந்தக் கணக்கில் 18,52,122. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலிதா’ நூலில், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்திருக்கிறார். வாக்கியப் பஞ்சாங்க முறையில் சந்திரன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, இந்த நாள் எண்ணிலிருந்து பெரிய சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் 248 நாள் சுற்றில் எத்தனையாவது நாள் என்று பார்ப்பார்கள். மாதங்களின் ஏற்ற இறக்கம் எதுவும் அந்தச் சோழிகளைத் தொடவில்லை.

நாள் எண்ணுக்கு வந்துவிட்டோம் என்பதற்காகக் காலை நீட்டிவிட முடியாது. எண்ணை எப்படி எடுக்கிறோம் என்பதிலும் வழுக்கல் உண்டு. கணினி கொடுக்கும் தற்செயல் எண் பொதுவாக 0க்கும் 1க்கும் நடுவே ஒரு பின்னம். 0 வரலாம், 1 வராது. ஜனவரி மாதத்துக்குள் ஒரு நாள் வேண்டுமென்றால் அதை 31ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட வேண்டும். 0 முதல் 30 வரை கிடைக்கும். சிலர் வெட்டுவதற்குப் பதிலாக, 30ஆல் பெருக்கி அருகில் உள்ள முழு எண்ணுக்கு மாற்றுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் 7 கிடைக்க 6.5 முதல் 7.5 வரை இடம் இருக்கிறது. 0 கிடைக்க 0 முதல் 0.5 வரை மட்டும்தான். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் மற்றவற்றில் பாதி வாய்ப்பு. பந்தியில் ஓரத்து இலைக்கு மட்டும் பாதிப் பாயசம்.

பழைய சி மொழி நூலகங்கள் சிலவற்றில் இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. அவற்றின் தற்செயல் எண் 0 முதல் 32,767 வரைதான் போகும். 1900 ஜனவரி 1 முதல் 1999 டிசம்பர் 31 வரை ஒரு நூற்றாண்டுக்கு 36,524 நாட்கள். எண் நாட்களைவிடக் குறைவு. அந்த எண்ணை அப்படியே நாளாக வைத்தால், உங்கள் போலி ஜனத்தொகையில் 1989 செப்டம்பர் 18க்குப் பிறகு ஒரு குழந்தைகூடப் பிறந்திருக்காது. பத்து வருடத்துக்கும் மேலே, 3,756 நாட்கள், காலி. நிரல் பிழை எதுவும் காட்டாது. பைத்தான் போன்ற இன்றைய மொழிகளில் இருப்பது மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரு ஜப்பானியர்கள் 1997இல் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர். அதில் இந்தப் பஞ்சம் இல்லை. (அதுவும் உண்மையான தற்செயல் அல்ல, தொடக்க எண் ஒன்றைக் கொடுத்தால் அதே வரிசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். சோதனைக்கு அதுதான் வசதி. அந்தத் தொடக்க எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், இன்று விழுந்த அதே குழியில் நாளைக்கும் விழுந்து பார்க்கலாம்.)

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஓய்வூதிய மென்பொருளுக்கு நான்தான் சோதனைத் தேதிகள் தயாரித்துக் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காக, நாள் எண் முறையில். பிறந்த தேதியை நள்ளிரவு 12 மணி என்று வைத்து நிரல் சேமித்தது. இந்திய நேரம் நள்ளிரவு என்றால் உலகப் பொது நேரத்தில் முதல் நாள் மாலை 6.30. சர்வர் பொது நேரத்தில் ஓடியது. ஆக லட்சம் பேரின் பிறந்த தேதியும் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிட்டது. மூன்று வாரம் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் வழியில்லை: தற்செயலான ஒரு தேதியில் ஒரு நாளைக் கழித்தால் கிடைப்பதும் தற்செயலான ஒரு தேதிதான். வரைபடம் போட்டுப் பார்த்தாலும் அதே தட்டையான கோடு.

சோதனைக் குழுவில் இருந்த ஒரு பெண் விளையாட்டாகத் தன் பிறந்த தேதியை உள்ளே போட்டுப் பார்த்தாள். அவள் பிறந்தது ஜூலை 2. நேராக என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணா, உங்க சாஃப்ட்வேர் என்னை ஒரு நாள் முன்னாடியே பெத்துப் போட்டுடுச்சு.”

“ஒரு நாள்தானே, விடும்மா” என்றேன்.

“ஒரு நாள் இல்ல. ஒரு மாசச் சம்பளம்.”

அவள் சொன்னது சரி. அரசு விதிப்படி ஓய்வு வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஜூலை 2இல் பிறந்தவர் ஜூலை 31 வரை வேலை பார்க்கலாம். ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தின மாதக் கடைசியிலேயே ஓய்வு. என் நிரல் அவளை ஜூலை 1க்குத் தள்ளியதால் அவள் ஜூன் 30இல் வீட்டுக்குப் போக வேண்டும். அன்றிலிருந்து லட்சம் தற்செயல் தேதிகளோடு, கையால் எழுதிய இருபது தேதிகளையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்: 1ஆம் தேதிகள், 2ஆம் தேதிகள், மாதக் கடைசிகள், பிப்ரவரி 29. நேர மண்டலக் கூத்துக்கு எல்லை கிடையாது. சமோவா நாடு 2011இல் சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கம் தாவியபோது, டிசம்பர் 30ஆம் தேதியே அங்கே இல்லாமல் போனது. 29ஆம் தேதி தூங்கியவர்கள் 31ஆம் தேதி எழுந்தார்கள். அந்த ஊர்க்காரருக்குத் தற்செயலாக ஒரு தேதி எடுக்கும் நிரல், அந்த நாளையும் கொடுத்துவிடக்கூடும்.

இன்னொரு சங்கடம். இவ்வளவு பாடுபட்டு எல்லா நாளுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துவிட்டால், அது உண்மையான ஆவணங்களைப் போல இருக்குமா? இருக்காது. நம் ஊரில் இன்று அறுபதைத் தாண்டியவர்களிடம் பிறந்த தேதி கேட்டுப் பாருங்கள். கணிசமான பேர் மே, ஜூன் என்பார்கள். பள்ளியில் சேர்க்கப் போன அன்று, தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று தலைமையாசிரியர் போட்ட தேதி அது. அம்மாவைக் கேட்டால், “ஐப்பசி அடைமழையில பொறந்தான்” என்பார். தேதியே தெரியாதவர்களின் படிவத்தில் எழுத்தர்கள் ஜனவரி 1 என்று எழுதிவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆகவே அரசுப் பட்டியல் ஒன்றைச் சோதிக்கும் நிரலில், ஜனவரி 1இல் ஆயிரம் பேர் குவிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும். அதற்குச் சீரான தேதிகள் உதவாது. வேண்டுமென்றே கோணலான தேதிகளைத் தயாரிக்க வேண்டும். அறியாமல் வந்த கோணலும் அறிந்து வைத்த கோணலும் ஒன்றல்ல.

நாட்காட்டிக்கே கொஞ்சம் கோணல் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இல்லாத பிழையைத் தேடி இரவைத் தொலைப்பீர்கள். கிரெகோரி நாட்காட்டி 400 வருடத்துக்கு ஒரு முறை அச்சுப் பிசகாமல் திரும்புகிறது: 1,46,097 நாட்கள், மிச்சமில்லாமல் 20,871 வாரங்கள். அந்த 400 வருடங்களில் 13ஆம் தேதி 4,800 முறை வரும். அதில் வெள்ளிக்கிழமை 688 முறை. வியாழனும் சனியும் 684 முறை. மேற்கத்தியர்கள் பயப்படும் அந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. உங்கள் நிரல் கொடுத்த தேதிகளில் அது நூலிழை தூக்கலாக இருந்தால் நிரலைத் திட்டாதீர்கள்.

மறுபடியும் வாஷிங்டன். விமர்சனங்களுக்குப் பிறகு, 1970 ஜூலை 1 அன்று, 1951இல் பிறந்தவர்களுக்காக அடுத்த குலுக்கல் நடந்தது. இந்த முறை ஜாடி இல்லை. சுழலும் இரண்டு உருளைகள். ஒன்றில் 365 தேதிகள், மற்றொன்றில் 1 முதல் 365 வரை எண்கள். உருளைக்குள் எந்த வரிசையில் போடுவது என்பதையே தேசிய அளவீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர்கள் தற்செயல் எண் அட்டவணைகளைக் கொண்டு தீர்மானித்துக் கொடுத்தார்கள். ஒரு கை தேதியை எடுக்கும், ஒரு கை எண்ணை எடுக்கும். ஓர் உருளை சரியாகக் கலங்காமல் போனாலும், மற்றொன்று அதைச் சரிக்கட்டிவிடும். முதலில் வந்த தேதி செப்டம்பர் 16. அதற்கு வந்த எண் 139. எல்லோரும் பயந்துகொண்டிருந்த எண் 1 வெளியே வந்தது பதினோராவது முறை கை போனபோது. அதோடு சேர்ந்து வந்த தேதி, ஜூலை 9.